வால்மோரின் வீட்டோடு மாப்பிள்ளை

1131, நவம்பர் 12. புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள்

இன்று பன்றி அறுப்பு. முற்றமெல்லாம் ரத்தமும் வெந்நீரும். உப்பு போதாது என்று சமையற்காரன் காலையிலிருந்து மூக்கால் அழுதுகொண்டிருந்தான். பிரபு என்றால் ஏதோ பெரிய வாழ்வு என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். எனக்கு இன்று முழுக்க உப்புக் கவலை.

எங்கள் அப்பாவுக்கு நான் மூன்றாவது மகன். மூன்றாவது மகனுக்குக் கொடுக்க நிலம் ஏது? எட்டு வயதில் மடத்தில் தள்ளிவிட்டார். அங்கே கற்ற ஒரே உருப்படியான காரியம் இந்த எழுத்து. வயது வந்ததும் சுவரேறிக் குதித்து ஓடிவந்து, ஒரு கிழட்டுக் குதிரையும் ஒரு வாளுமாக ஊர் ஊராகப் பந்தயச் சண்டை போட்டேன். தூங்கியதெல்லாம் ஊரான் லாயத்தில். பிறகு வால்மோர் பிரபுவின் ஒரே மகள் ரிகில்டா, ஏனோ தெரியவில்லை, என்னைக் கட்டிக்கொண்டாள். அவள் அப்பா போனபின் ஒன்பது வருடமாக நான்தான் இங்கே பிரபு. நேரில் 'பிரபு ஆல்பெரிக்' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வீட்டோடு மாப்பிள்ளை என்பார்கள். எல்லாம் காதில் விழுகிறது.

ரிகில்டாவுக்கு ஆறாவது மாதம். அதனால்தான் எழுத ஆரம்பித்திருக்கிறேன். அவளிடம் சொல்ல முடியாது. என் தளபதி பெரங்கரிடம் சொன்னால் பொழுது சாய்வதற்குள் மலைக்கு அந்தப் பக்கம் வரை தெரிந்துவிடும். மற்றபடி எனக்குக் கவலை ஒன்றுமில்லை.

நவம்பர் 19

வழக்கு நாள். ஒரு பன்றிக்கு இரண்டு பேர் சொந்தம் கொண்டாடினார்கள். பெரங்கர் இரண்டு பேரையும் நாலு சாத்து சாத்தலாம் என்றான். நான் யோசித்தேன். யோசிக்கும்போது ரிகில்டா பக்கம் கொஞ்சம் சாய்ந்து யோசிப்பது என் வழக்கம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளி நூற்றுக்கொண்டிருப்பாள். பன்றியை நாற்சந்தியில் அவிழ்த்து விடுங்கள், எந்த வீட்டுக்குப் போகிறதோ அது அவன் பன்றி என்று தீர்ப்புச் சொன்னேன். பன்றி நேராக, வழக்கிலேயே இல்லாத வண்ணான் வீட்டுக் கொல்லைக்குப் போய்விட்டது. அவன்தான் திருடி வைத்திருந்திருக்கிறான். பிரபுவின் மூளையே மூளை என்று ஊரே பேசுகிறது.

ரிகில்டா கையிலிருந்த நூற்கும் கதிர் கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தாள். அதிகம் சிரிக்கக் கூடாது என்று மருத்துவச்சி மாபில் சொல்லியிருக்கிறாள். சொன்னேன். அதற்கும் சிரித்தாள்.

டிசம்பர் 6. புனித நிக்கலாஸ் திருநாள்

தியெரி வந்தான். ரிகில்டாவின் சித்தப்பா மகன். தங்கையைப் பார்க்க வந்தானாம். ஒரு கூடை பழமும், கூடவே சட்டம் படித்த ஒரு பாதிரியாரும். பாதிரியார் பெயர் ஒதோ. ஒல்லியாக, சளி பிடித்து, எதையும் இரண்டு முறை பார்க்கிற ஆள்.

"மாப்பிள்ளை, மனசுல வெச்சுக்காதீங்க. குழந்தை பொறக்கப் போற அறையை ஒரு பார்வை பாத்துட்டுப் போயிடறோம்" என்றான் தியெரி.

வால்மோர் வழக்கத்தை ஒதோ பாதிரியார் எனக்கு விளக்கினார், எனக்குத் தெரியாதது போல. நிலம் மனைவியுடையது. குழந்தை பிறந்து, அதன் அழுகை நான்கு கல் சுவர்களுக்குள் எழுந்து, வெளியே நிற்கும் இரண்டு தரப்புச் சாட்சிகளின் காதிலும் விழுந்தால், பின்னால் மனைவி இறந்தாலும் கணவன் சாகும்வரை ஆளலாம். அப்படிக் கேட்கவில்லையென்றால், மனைவியின் கடைசி மூச்சோடு கணவனின் ஆட்சியும் முடிந்தது. பிள்ளை பிழைத்திருந்தாலும் அதைத் தகப்பன் வளர்க்க முடியாது, தாய்வழி உறவுதான் வளர்க்கும். அதாவது தியெரி.

"கல் சுவர் எதுக்கு? மரச் சுவர் ஆகாதா?" என்று பெரங்கர் கேட்டான்.

"ஒருதரம் மரவீட்டுல பலகை இடுக்கு வழியா ஒரு ஆட்டுக்குட்டியை உள்ள விட்டுட்டாங்க" என்றார் பாதிரியார். "அது கத்தினதை சாட்சிங்க குழந்தைன்னு நம்பி சத்தியம் பண்ணிட்டாங்க. பதினாலு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அதுலேர்ந்து கல்லுதான்."

எங்கள் கோட்டையில் கல்லால் கட்டியது நடுக் கோபுரம் ஒன்றுதான். கூடம், சமையற்கட்டு, கோயில் எல்லாம் மரம். பாதிரியார் கோபுரத்தைத் தட்டிப் பார்த்துத் தலையாட்டினார். கிளம்பும்போது தியெரி என் தோளில் கைபோட்டு, "குழந்தை அழுதா நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். இல்லேன்னா, அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா, நீங்க குதிரைக்குச் சேணம் பூட்ட வேண்டியதுதான். தப்பா எடுத்துக்காதீங்க" என்றான். தப்பாக எடுத்துக்கொள்ளாமல் வேறு எப்படி எடுத்துக்கொள்வதாம்!

எங்களுக்கு முன்பு இரண்டு பிறந்தன. ஒரு பையன், ஒரு பெண். இரண்டுமே அழவில்லை. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

டிசம்பர் 7

ஆட்டுக்குட்டி நினைவாகவே இருக்கிறது.

டிசம்பர் 25. கிறிஸ்து பிறப்பு

விருந்து. நூற்றைம்பது பேர் சாப்பிட்டார்கள். ரிகில்டா ஒரு கரண்டி கஞ்சி குடித்தாள். அவள் கால்கள் வீங்கியிருக்கின்றன, விரலால் அழுத்தினால் குழி விழுகிறது. இதைப் பற்றி மாபிலிடம் கேட்டேன். காலையில் கேட்டேன், திருப்பலிக்குப் பிறகு கேட்டேன், விருந்துக்கு நடுவில் எழுந்துபோய்க் கேட்டேன்.

"பிரபு, இன்னொரு தடவை கேட்டீங்கன்னா நான் எங்க ஊருக்கே போயிடுவேன்" என்றாள்.

நிலத்தைப் பற்றிய கவலைதான். ஒன்பது வருடம் உழைத்த நிலம். பாலம் கட்டினேன், ஆலை கட்டினேன். யாராக இருந்தாலும் கவலைப்படுவார்கள்.

1132, ஜனவரி 9

கோபுரத்தின் வடக்குச் சுவர் விழுந்துவிட்டது.

மூன்று நாள் மழை, அதன்மேல் உறைபனி. விடியற்காலையில் இடி மாதிரி ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால் மேலிருந்து கீழ்வரை சுவர் இல்லை. ஆண்டவர் புண்ணியத்தில் யாருக்கும் அடியில்லை. ரிகில்டா படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, சுவர் இருந்த இடத்தில் தெரிந்த வெள்ளைக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளிச்சம் நல்லா வருது" என்றாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஜனவரி 10

கொத்தனை வரவழைத்தேன். பனியில் சுண்ணாம்பு பிடிக்காது என்கிறான். "ஈஸ்டருக்கு மேல கூப்பிடுங்க பிரபு, ஜம்முனு கட்டித் தரேன்." ஈஸ்டருக்கு மேல் எனக்கு எதற்குச் சுவர்? வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

ரிகில்டாவை மரக்கூடத்துக்கு மாற்றியிருக்கிறோம். கதகதப்பான இடம். அவளுக்குப் பிடித்திருக்கிறது.

ஜனவரி 17

சுண்ணாம்பு இல்லாமல் கல்லை மட்டும் அடுக்கிப் பார்த்தோம். சரிந்தது. பக்கத்தில் நெருப்பு மூட்டி, சூட்டில் பூசிப் பார்த்தோம். மறுநாள் மாவாக உதிர்ந்தது. பெரங்கர் திரைச்சீலை தொங்கவிடலாம் என்றான். ஆள் அனுப்பிக் கேட்டேன். துணி சுவராகாது என்று ஒதோ பாதிரியார் சொல்லிவிட்டார். மனுஷன் இருக்கிறானே!

ஜனவரி 20

மறுபடி சரிந்தது.

ஜனவரி 28

முடிவு எடுத்துவிட்டேன். லெர்னாவுக்குப் போகிறோம். ஆற்றோரமாக ஒரு பகல் பயணம். அங்கே ரிகில்டாவின் தாத்தா கட்டிய சிறு கோபுரம் இருக்கிறது. நான்கு சுவரும் கல், நான்கும் நிற்கின்றன, நேரில் போய்த் தட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். ஒதோவும் பெரங்கரும் சாட்சிகளாக வருகிறார்கள்.

மாபில் குதித்தாள். "இந்தக் குளிருல, நிறை மாசக்காரியை, மாட்டு வண்டியிலயா? உங்களுக்கு என்ன புத்தி பேதலிச்சுப் போச்சா பிரபு?"

குழந்தை பிறக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறதே என்றேன். அது உங்களிடம் வந்து சொன்னதா என்று கேட்டாள்.

ரிகில்டாதான், "ஏங்க, அங்க போனா உங்களுக்கு மனசு நிம்மதியாகுமா?" என்று கேட்டாள்.

"எனக்கு என்ன? நிலத்துக்காகச் சொல்றேன்."

"சரி, நிலத்துக்காகப் போவோம்" என்றாள். சிரித்தாளா என்று தெரியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பிப்ரவரி 2. மெழுகுதிரித் திருநாள்

நாளை விடிந்ததும் கிளம்புகிறோம். வண்டிக்குள் வைக்கோல் மெத்தை, அதன்மேல் நான்கு பேர் தூக்கக்கூடிய கம்புக் கட்டில், ஆட்டுத் தோல் போர்வைகள், சூடாக்கிய கற்கள். சக்கரத்துக்கு நானே கொழுப்புத் தடவினேன். அச்சாணியை ஆட்டிப் பார்த்தேன். பிறகு இன்னொரு முறை போய் ஆட்டிப் பார்த்தேன். மாட்டுக்காரன் ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

பிப்ரவரி 5. லெர்னா

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

கிளம்பும்போது நல்ல வெயில். நடுப்பகலுக்கு மேல் பனிமழை பிடித்துக்கொண்டது. பாதை முழுக்கப் பள்ளம், வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் விழுந்து எழுந்தது. ஒவ்வொரு முறையும் உள்ளிருந்து சத்தம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே பக்கத்தில் நடந்தேன். ஒன்றும் வரவில்லை. பிறகு மாபில் திரையை விலக்கி, "நிறுத்து!" என்று கத்தினாள். அவள் கைகள் முழங்கைவரை சிவப்பாக இருந்தன.

"வலி எடுத்து நேரமாச்சு. இந்தப் பொண்ணு வாயைத் திறக்கலை. தலை இறங்கிடுச்சு, ரத்தம் நிக்க மாட்டேங்குது."

நாங்கள் நின்ற இடம் ஒரு மேட்டின் அடிவாரம். மேட்டின் மேல், கூப்பிடு தூரத்தில், மேய்ப்பர்களுக்காகக் கட்டிய சிறு கோயில். கல்லில் கட்டியது. நான் பார்ப்பதற்கு முன்பே ஒதோ பாதிரியார் பார்த்துவிட்டார்.

"பிரபு, அது வால்மோர் நிலம்தான். நாலு சுவரும் கல்லு. அது போதும், நான் சத்தியம் பண்றேன். சீக்கிரம் தூக்கிட்டு வாங்க" என்றார். உண்மையாகவே சொன்னார். அதுவரை அந்த ஆளைப் பற்றி நினைத்ததற்கெல்லாம் வெட்கமாக இருந்தது.

நான் மாபிலைப் பார்த்தேன்.

"இங்கயே அசையாம வெச்சிருந்தா ஏதோ பாக்கலாம்" என்றாள். "அந்த மேட்டுல தூக்கிட்டுப் போனா புள்ளை வரும். இவ வர மாட்டா."

"நிச்சயமாவா?"

"நிச்சயம்னு நான் எதைச் சொல்லுவேன் பிரபு? ரத்தத்தைப் பாருங்க."

அப்போது உள்ளிருந்து ரிகில்டா பேசினாள். "தூக்குங்க."

கட்டில் தூக்கிகள் நான்கு பேரும் என்னைப் பார்க்கவே இல்லை. அவள் சொன்ன உடனே கம்பைப் பிடித்துவிட்டார்கள். நான் ஓடிப்போய் முன் கம்பைப் பிடித்து நிறுத்தினேன்.

"விடுங்க" என்றாள். முகம் மெழுகு நிறத்தில் இருந்தது. "ஒன்பது வருஷமா நான் சொல்லி எது தப்பாப் போச்சு? இப்பவும் சொல்றேன், கேளுங்க. எனக்கு ஏதாவது ஆனா தியெரி உங்களை ஒரு ராத்திரி தங்க விடமாட்டான். புள்ளையையும் குடுக்க மாட்டான். மறுபடி லாயத்துல போய்ப் படுப்பீங்களா? என்னால அதை நினைச்சுப் பாக்க முடியலை. தூக்கச் சொல்லுங்க."

"முடியாது."

"இது என் நிலம். இவங்க என் ஆளுங்க."

"உன் நிலம்தான், உன் ஆளுங்கதான். ஆனா நீ இந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. எவன் அசைச்சாலும் அவன் கையை வெட்டுவேன். அவ்வளவுதான், தீர்ப்புச் சொல்லியாச்சு."

யார் பக்கமும் சாயாமல் சொன்னேன். நான்கு பேரும் அவளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். பெரங்கர் வாளின் பிடியில் கை வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றான். கம்பை விட்டார்கள். அவள் என்னைத் திட்டினாள். அவளுக்கு அப்படிப்பட்ட வார்த்தைகள் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. பிறகு வலி வந்து பேச்சை வாங்கிக்கொண்டது.

மாபில் என்னை வெளியே தள்ளினாள். சக்கரத்தடியில் சேற்றில் உட்கார்ந்தேன். அந்தக் கோயில் கண்ணுக்கு நேரே இருந்தது. இப்போது கூட ஓடித் தூக்கலாம், இப்போது கூட என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது. ஒன்பது வருடம், பாலம், ஆலை, பிள்ளை. அது பொய் என்று எழுதமாட்டேன், அந்தக் குரல் இருந்தது.

பிறகு குழந்தை அழுதது.

அழுகையா அது! மாடுகள் மிரண்டன. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்தவன் எழுந்து நின்று பார்த்தான். வால்மோரில் இதுவரை எந்தக் குழந்தையும் அப்படி அழுதிருக்காது. பெரங்கர் "கேட்டுச்சு! கேட்டுச்சு!" என்று குதித்தான். ஒதோ பாதிரியார் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். பனிமழை வழுக்கைத் தலையில் வழிந்தது.

"கேட்டேன் பிரபு. நல்லாக் கேட்டேன்" என்றார். பிறகு, "சுவர் இல்லையே. நான் என்ன பண்ணுவேன், சுவர் இல்லையே" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பெண் குழந்தை.

ரத்தம் நின்ற பிறகும் ஒரு இரவு அங்கேயே, சுற்றிலும் நெருப்பு மூட்டி இருந்தோம். நேற்று அடிமேல் அடி வைத்து லெர்னாவுக்குத் தூக்கி வந்தார்கள். ரிகில்டாவுக்குக் காய்ச்சல். என்னோடு பேசவில்லை. யாரோடும் பேசவில்லை.

பிப்ரவரி 6

காய்ச்சல் ஏறியிருக்கிறது. குழந்தைக்குப் பால் கொடுக்க ஊரிலிருந்து ஒரு பெண் வந்திருக்கிறாள். குழந்தை நன்றாகக் குடிக்கிறது. கூரை ஒழுகுகிறது, ஆள் ஏற்றி அடைக்கச் சொன்னேன்.

பிப்ரவரி 8

அப்படியே இருக்கிறது. என்னைத் தன் அப்பா என்று நினைத்துக்கொண்டு பேசினாள். "அவரையே கட்டி வைங்கப்பா" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று மாபில் கேட்டாள். தெரியாது என்றேன்.

பிப்ரவரி 10

தியெரி வந்துவிட்டான். ஆறு குதிரை வீரர்களோடு. கதவருகே நின்று தங்கையைப் பார்த்தான். உண்மையாகவே கலங்கினான், அதையும் சொல்ல வேண்டும். பிறகு கீழே வந்து என்னிடம், "ஒதோ எல்லாம் சொன்னார் மாப்பிள்ளை. கோயில் பக்கத்துலயே இருந்துச்சாமே?" என்றான்.

"இருந்தது."

"அப்புறம் ஏன்?"

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு லாயத்தைப் பார்க்கப் போனான். எத்தனை குதிரை என்று கேட்டானாம்.

பிப்ரவரி 11

பழைய சேணத்துக்கு எண்ணெய் போட்டேன். சும்மா, தோல் காய்ந்திருந்தது.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பால் கொடுக்கிற பெண் வந்து கேட்டாள், கொடுக்கவில்லை. பிறகு குழந்தை அழுததும் கொடுத்தேன்.

பிப்ரவரி 12

சாகப் போகிறவர்களுக்குப் பூசும் புனித எண்ணெய் பூசப் பாதிரியாரைக் கூப்பிடச் சொன்னாள் மாபில். ஒதோதான் பூசினார். ஆண்டவரே, நிலத்தை எடுத்துக்கொள். நாளைக்கே எடுத்துக்கொள். தியெரிக்குக் கொடு, யாருக்கு வேண்டுமானாலும் கொடு.

பிப்ரவரி 13

வியர்த்திருக்கிறது. மாபில் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாள். ஏன் ஒன்றும் சொல்லவில்லை? பின்னாலேயே போனேன். சமையற்கட்டில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். மூன்று நாளில் முதல் ரொட்டியாம். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தாள்.

பிப்ரவரி 14

காலையில் கண் விழித்தாள். தெளிவான பார்வை. தண்ணீர் கேட்டாள், குழந்தையைக் கேட்டாள். நெடுநேரம் அதன் முகத்தையே பார்த்துவிட்டு, "மூக்கு உங்க மூக்கு. பாவம்" என்றாள். தியெரி வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நலம் விசாரித்துவிட்டு, சாப்பாட்டுக்குக் கூட நிற்காமல் ஆறு பேரோடும் கிளம்பிப் போனான். அவன் தலை மறைந்ததும் கதவைச் சாத்தச் சொன்னாள். நான் மட்டும் இருந்தேன்.

"ஏங்க, நான் போயிருந்தா?"

"போகலையே."

"போயிருந்தா? இன்னமும் கூட அப்படித்தானே? நான் நாளைக்குப் போனாலும் நீங்க வெளியில நிக்கணும். எனக்கு இதுக்கு மேல புள்ளை ஆகாதுன்னு மாபில் சொல்லிட்டா. இனிமே வேற வழியே கிடையாது. தெரியுமா?"

"தெரியும்."

"கோயிலுக்குத் தூக்கியிருந்தா சாகிற வரைக்கும் நீங்கதான் பிரபு. யாரும் அசைச்சிருக்க முடியாது. அதைத்தான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஏன் கேக்கலை?"

நல்லதாக ஒரு பதில் சொல்ல யோசித்தேன். பாதை வழுக்கல் என்று சொல்லலாமா, தூக்கிகள் சரியில்லை என்று சொல்லலாமா என்று பார்த்தேன்.

"நீ இல்லாத வீட்டுல எனக்கு நாலு சுவர் எதுக்கு?" என்றேன்.

அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது, மறுபடி குளிர் காய்ச்சலோ என்று பயந்து தொட்டேன். காய்ச்சல் இல்லை. சத்தமாக, குழந்தை மாதிரி, வாய்விட்டு அழுதாள்.

பெரங்கர் வெளியிலிருந்து கதவைத் தட்டினான். "பிரபு, என்ன சத்தம்? யாரு அழுறது, புள்ளையா அம்மாவா?" என்று கேட்டான். நான் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டேன். பதில் சொல்ல என் குரலும் சரியாக இல்லை.